அரிசி மூட்டையில் ஏறி வந்த தெள்ளு

நோய்கள் நடந்த வழி – 9

1914ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில் பிளேக் இருப்பது உறுதியானது. பம்பாயில் அது தலைகாட்டி அப்போது பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. 1896இலிருந்து பம்பாய், பூனா, கராச்சி, பஞ்சாப் என்று இந்தியாவின் பெரும்பகுதியை அந்த நோய் உழுதுகொண்டிருந்தது. 1920கள் முடிவதற்குள் அங்கே அதற்குப் பலியானவர்கள் ஒரு கோடிக்கு மேல். அத்தனை வருடங்களும் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் வராத வாரமில்லை. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பங்கு அப்படித்தான் வந்தது. இவ்வளவு போக்குவரத்து இருந்தும் பதினெட்டு வருடங்கள் வராத நோய் ஏன் வந்தது, வந்த பிறகு ஏன் தீவு முழுவதையும் சூறையாடாமல் புறக்கோட்டையின் தானியக் கிட்டங்கிகளைச் சுற்றியே பெரும்பாலும் வட்டமிட்டது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்றைய அரசாங்கம் தன்னிடம் விடை இருப்பதாகவே நினைத்தது. அந்த விடை பாதிதான் சரி என்பதும், மீதிப் பாதியை அறியக் கிருமி வாழும் இரண்டு வீடுகளுக்குள்ளும் நுழைந்து பார்க்க வேண்டும் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு வீடு எலியின் குருதி. மற்றது எலியின் மேல் வாழும் தெள்ளின் வயிறு.

அரசாங்கத்தின் விடை தனிமைப்படுத்தல். தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள்; கொழும்புக்கு அருகே இராகமையிலும் ஒரு முகாம் இருந்தது. ஆட்களைக் குளிப்பாட்டினார்கள், உடைகளை ஆவியில் அவித்தார்கள், அக்குளையும் தொடையிடுக்கையும் அழுத்தி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோய் ஏழையின் உடம்பில் ஏறி வருகிறது என்பதே இவை அனைத்துக்கும் அடியிலிருந்த எண்ணம். ஆனால் கொழும்பில் நோய் தெரியவந்த இடம் தோட்டத்து லயன் அறையோ தொழிலாளர் முகாமோ இல்லை. அது வணிகர்களின் இடம்; செட்டியார் தெருவும் குறுக்குத் தெருக்களும் சூழ்ந்த, நாட்டாமைகள் சாக்கு சுமந்து ஓடும் புறக்கோட்டை.   ஆட்களைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூட்டைகள் சலிக்கப்படாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அதிகாரிகளை இதற்காக அளவுக்கு மீறிக் குறை சொல்லவும் முடியாது. தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று போல்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் காட்டியபோது அவரை நம்பியவர்கள் மிகச் சிலர். ஆனாலும் 1914க்கு முன்பே இந்தியாவில் பிளேக் ஆணைக்குழுவின் ஆராய்ச்சிகள் அதை ஐயமற நிறுவிவிட்டன. அதற்குப் பிறகும் கண்காணிப்பு மனிதன் மேலேயே குவிந்திருந்ததற்கு அறிவியல் காரணத்தைவிட ஆட்சிக் காரணமே பெரிது என்பது என் கணிப்பு.

கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளர் பேபியன் ஹேர்ஸ்ட் வேறு திசையில் பார்த்தார். பிளேக் வருவதற்கு முந்திய வருடமே அவர் கொழும்பு எலிகளின் தெள்ளுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, இவை இந்தியாவில் பிளேக்கைப் பரப்பிய தெள்ளுகள் இல்லை என்று எழுதியிருந்தார். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றே: எள்ளில் பாதியளவு, பழுப்பு நிறம், பக்கவாட்டில் நசுங்கிய உடல். உருப்பெருக்கியிலும் வித்தியாசம் எளிதில் அகப்படாது. பெண் தெள்ளின் வயிற்றுக்குள் ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் சிறு பை ஒன்று உண்டு. அதன் தலைப்பகுதியும் வாலும் எப்படி வளைகின்றன, எந்தப் பகுதி பருத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆணிடம் பின்புறத்து முள்மயிர் எங்கே முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த நுணுக்கங்களை வைத்துத்தான் சார்ல்ஸ் ரொத்ஷீல்ட் 1903இல் ஸீனொப்சில்லா கியோப்பிஸ் என்ற இனத்தையும், 1911இல் ஸீனொப்சில்லா அஸ்தியா என்ற இனத்தையும் பிரித்துப் பெயரிட்டிருந்தார். அதற்கு முன் இந்தியாவில் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. கொழும்பின் சாதாரண வீட்டெலியில் இருந்தது அஸ்தியா. நோய் வந்த பிறகு ஹேர்ஸ்ட் தெருத் தெருவாக எலி பிடித்துத் தெள்ளு எண்ணச் செய்தபோது கியோப்பிஸும் கிடைத்தது. கிடைத்த இடம் தானியக் கிட்டங்கிகள் நெருங்கிய வட்டாரம். பிளேக் முதலில் கிளம்பிய அதே வட்டாரம். நகரின் மற்றப் பகுதிகளில் அஸ்தியாவின் ஆட்சியே நடந்தது. தானியத்தோடு கியோப்பிஸ் வந்திருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். அது நடக்கக்கூடியதே: கியோப்பிஸின் புழுக்கள் தானியத் தூசியிலும் குப்பையிலும் வளரும், வளர்ந்த தெள்ளு எலியே இல்லாமல் சாக்கின் மடிப்புக்குள் பல நாட்கள் பசியோடு காத்திருக்கும்.

ஒரு நகரத்தின் கணக்கை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை பாக்குநீரிணைக்கு அப்பால் இன்னும் பெரிய அளவில் எழுதப்பட்டிருந்தது. பம்பாய் அழிந்துகொண்டிருந்த வருடங்களில் சென்னைப் பட்டினம் ஏறக்குறைய தப்பியே இருந்தது. இரண்டும் துறைமுகம், இரண்டும் நெரிசல், இரண்டிலும் எலிக்குப் பஞ்சமில்லை. மேஜர் கிராக் 1920களின் தொடக்கத்தில் இந்தியாவின் எலித்தெள்ளுகள் எங்கெங்கே வாழ்கின்றன என்று வரைந்து பார்த்தபோது, பிளேக் வெறியாடிய மாகாணங்களில் கியோப்பிஸும் அது தயங்கிய இடங்களில் அஸ்தியாவும் மிகுந்திருந்தன. கிங், சி. ஜி. பண்டிட் இருவரும் சென்னை மாகாணத்தை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்து 1931இல் வெளியிட்ட அறிக்கை இதை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. வெப்பமான கரையோரச் சமவெளியில் அஸ்தியா. உயர்ந்து குளிர்ந்த உள்நாட்டில் கியோப்பிஸ். கோயம்புத்தூர் அந்த உள்நாட்டைச் சேர்ந்தது. அங்கே இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் அம்மனுக்குக் கோயில் உண்டு. ஆங்கில நோய்ப்பெயரை அம்மனின் பெயரோடு சேர்த்துக் கும்பிடும் அளவுக்கு அந்த ஊர் அடிபட்டிருந்தது. சென்னைப் பட்டினத்தில் அப்படி ஓர் அம்மன் உருவாகத் தேவை எழவில்லை.

தனிமைப்படுத்தலையும் எலி ஒழிப்பையும் ஆதரிப்பவர் இங்கே மறுப்பார். கொழும்பும் சென்னையும் தப்பியதற்குத் துறைமுகக் கட்டுப்பாடே காரணமாக இருக்கக் கூடாதா? அப்படியானால் பூனாவைப் பார்க்க வேண்டும். 1897இல் அங்கே பட்டாளத்தை வீட்டுக்குள் அனுப்பிச் சோதனை போட்டார்கள். நோயாளரை இழுத்துச் சென்றார்கள். வீட்டுச் சாமான்களைத் தெருவில் கொட்டி எரித்தார்கள். வெறுப்பு முற்றி, அதற்குப் பொறுப்பாயிருந்த ராண்ட் என்ற அதிகாரி அந்த வருடம் சூன் மாதம் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். கட்டுப்பாட்டின் கடுமை நோயைத் தடுக்கும் என்றால் பூனாதான் முதலில் தப்பியிருக்க வேண்டும். தப்பவில்லை. கட்டுப்பாடு பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. கப்பலில் எலியை ஒழித்ததும், கிட்டங்கியின் மண்தரையைச் சீமெந்தாக்கியதும் பின்னாளில் உண்மையாகவே உதவின. ஆனால் அந்த முயற்சிகள் ஓரிடத்தில் வென்று இன்னோரிடத்தில் தோற்றதற்குக் காரணம் அந்த முயற்சிகளுக்குள் இல்லை. கிருமிக்கு அந்த ஊரின் தெள்ளு வசதியான வீடாக இருந்ததா என்பதில்தான் இருக்கிறது.

வசதி என்றால் என்ன என்பதைக் கண்டறிந்தவர்கள் பேக்கொட், மார்ட்டின் என்ற இருவர். தற்செயலாக அதுவும் 1914இலேயே வெளிவந்தது. நோயுற்ற எலியின் குருதியைக் குடித்த தெள்ளின் வயிற்றுக்குள் கிருமி பெருகுகிறது. வயிற்றுக்கு முன்னே ஒரு சிறு வாயில் இருக்கிறது. உள்ளே போன குருதி திரும்பி வராமல் தடுக்கும் முட்கள் அதன் உட்சுவரில் வரிசையாக நிற்கின்றன. கிருமிகள் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அந்த முட்களில் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் வாயிலையே அடைத்துவிடுகின்றன. இனித் தெள்ளு எவ்வளவு உறிஞ்சினாலும் வயிற்றுக்கு ஒரு துளி சேராது. பசி தாளாமல் அது மறுபடி மறுபடி கடிக்கிறது. உறிஞ்சிய குருதி அடைப்பில் மோதித் திரும்பும்போது கிருமிக் கட்டியிலிருந்து பிய்ந்த துணுக்குகள் கடிவாய் வழியே அடுத்த உடம்புக்குள் இறங்குகின்றன. தெள்ளு கடைசியில் பட்டினியால் செத்துப்போகும். கியோப்பிஸில் இந்த அடைப்பு நன்றாக அமைகிறது. அஸ்தியாவில் அரிதாக, அரைகுறையாக. இந்த அளவு வித்தியாசமே ஒரு நகரம் தப்புவதற்குப் போதுமானதாக இருக்கலாம்: ஒரு நோயெலி சராசரியாக ஓர் எலிக்கு மேல் நோயைக் கடத்தினால் நோய் வளரும், அதற்குக் குறைந்தால் தானே அவிந்துவிடும். படலம் சுரக்கும் வேலை குளிர்ந்த சூழலில்தான் நன்றாக நடக்கிறது. வெப்பநிலை 28 பாகையை நெருங்கும்போது தளர்கிறது. கொழும்பின் சராசரி வெப்பம் 27 பாகையைச் சுற்றியே வருடம் முழுவதும் நிற்கிறது. இங்கே கியோப்பிஸே வந்திறங்கினாலும் அதற்கு இது விளிம்பு நிலம்தான்.

அண்மைக்காலத்தில் இந்த அடைப்புக் கதைக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அடைப்பு உருவாக முன்பே, நோய்க்குருதி குடித்த சில நாட்களுக்குள்ளேயே, சில தெள்ளுகள் நோயைக் கடத்துகின்றன என்று ஆய்வுகள் காட்டின. ஆகவே ஹேர்ஸ்ட் காலத்து விளக்கம் பொய்த்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். பொய்க்கவில்லை. அந்த ஆரம்பக் கடத்தலுக்கு ஒரே நேரத்தில் நிறையத் தெள்ளுகள் கடிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் இனத்துக்கு இனம் திறமை வேறுபடுகிறது. ஹேர்ஸ்டும் அஸ்தியாவால் முடியவே முடியாது என்று சாதித்தவர் இல்லை. அது மோசமான கடத்தி என்பதே அவர் சோதனைகளின் முடிவு.

தெள்ளைப் பற்றி இவ்வளவு பேசியதற்குக் காரணம் இருக்கிறது. கிருமி நம் நிர்ப்பீடனத்தை ஏன் இவ்வளவு முழுமையாக ஏமாற்றுகிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. ஒரு மில்லிலீற்றர் குருதியைப் பல ஆயிரம் பங்காக வகுத்தால் அதில் ஒரு பங்குதான் தெள்ளின் ஒரு வேளை உணவு. அந்தத் துளிக்குள் சில ஆயிரம் கிருமிகளாவது போனால்தான் தெள்ளின் வயிற்றில் அவை நிலைகொள்ளும். அப்படியென்றால் எலியின் ஒவ்வொரு மில்லிலீற்றர் குருதியிலும் கோடிக்கணக்கில் கிருமி மிதக்க வேண்டும். அந்த அளவுக்குக் கிருமி பெருகிய பின் எலி பிழைப்பதில்லை. நன்கு பழகிய கிருமி தன் விருந்தோம்பியைக் கொல்லாது, காலப்போக்கில் சாதுவாகிவிடும் என்று பாடப்புத்தகங்களில்கூட ஒரு நம்பிக்கை உலவுகிறது. பிளேக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது. எலி சாவதற்குச் சற்று முந்திய மணிநேரங்களே இந்தக் கிருமிக்கு அறுவடைக் காலம். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு இறங்கி வேறு சூடு தேடும். கிட்டங்கியில் அந்தச் சூடு பெரும்பாலும் வெறுங்காலோடு மூட்டை சுமக்கும் நாட்டாமையின் கால். காலில் கடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். முகாம்களில் அதிகாரிகள் அழுத்திப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

இப்போது உடம்புக்குள். தெள்ளின் வயிற்றில் ஏறத்தாழ 26 பாகையில் வாழ்ந்த கிருமி ஒரே கடியில் 37 பாகைக்கு வந்துவிடுகிறது. அந்த வெப்ப மாற்றமே அதற்குக் கிடைக்கும் தகவல். கிருமியின் வெளிச்சுவரில் கொழுப்பும் வெல்லமும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. நம் குருதியின் வெண்கலங்கள் அந்தக் கொழுப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் பற்றீரியா புகுந்துவிட்டது என்று அலறுகின்றன. அந்தக் கொழுப்பு மூலக்கூறில் ஆறு வால்கள் இருந்தால் எச்சரிக்கை உரத்து ஒலிக்கும். நான்கே இருந்தால் ஏறக்குறைய ஒலிப்பதே இல்லை. பிளேக் கிருமி குளிரில் ஆறு வால் கட்டுகிறது, 37 பாகையில் நான்கோடு நிறுத்திவிடுகிறது. இதை வெறும் ஊகம் என்று தள்ள வழியில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 37 பாகையிலும் ஆறு வால் கட்டத் தேவையான ஒரு பரம்பரையலகை ஈ. கோலை பற்றீரியாவிலிருந்து எடுத்துப் பிளேக் கிருமிக்குள் புகுத்தினார்கள். ஒரே ஒரு பரம்பரையலகு. மற்ற ஆயுதங்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. ஆனாலும் அந்தக் கிருமியைப் பெரும் அளவில் செலுத்தியபோதும் சுண்டெலிகள் தப்பின. அதுமட்டுமல்ல, பிறகு உண்மையான பிளேக்கைச் செலுத்தியபோதும் தாங்கிக்கொண்டன. கொழுப்பின் வால்களை மறைப்பது கிருமிக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

மறைவது மட்டும் போதாது. கடிவாயில் முதலில் வந்து சேரும் வெண்கலங்கள் பல கிருமிகளைக் கொன்றுவிடுகின்றன. ஏனெனில் அவை இன்னும் குளிர்கால உடையோடு நிற்கின்றன. தப்பியவற்றில் சில பெருவிழுங்கிக் கலங்களுக்குள் புகுந்து அங்கேயே உயிர்வாழ்ந்து உடை மாற்றுகின்றன. வெளியே வரும்போது எஃப்-1 எனப்படும் வழுக்கலான புரதப் போர்வை அவற்றை மூடியிருக்கிறது. விழுங்க வரும் கலங்களால் பற்றிப் பிடிக்க முடிவதில்லை. மேற்பரப்பில் நுண்ணிய ஊசிகளும் முளைத்துவிடுகின்றன. பக்கத்தில் வரும் வெண்கலத்தை அந்த ஊசிகளால் குத்தி யொப் என்ற புரதங்களை உள்ளே செலுத்தினால், அந்தக் கலத்தால் விழுங்கவும் முடியாது, மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பவும் முடியாது. நம் உடல் நோயைச் சிறைவைக்கக் குருதியை உறையச் செய்வதுண்டு. பிளா என்ற நொதியம் அந்த உறைவையும் கரைத்துப் பாதை திறக்கிறது. சுண்டெலிகளின் நுரையீரலுக்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வொன்றில், முதல் ஒன்றரை நாள் வரை கிருமி பெருகிக்கொண்டே போனது, அழற்சிக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. உடல் விழித்தபோது நேரம் கடந்திருந்தது. அரைகுறையாக எரிந்துகொண்டிருந்த வீட்டில் யாரும் தண்ணீரைத் தேடாத கதைதான்.

இவ்வளவு கருவிகளும் ஒரு பெரும் வளர்ச்சியின் பயன் என்று எண்ணத் தோன்றும். கூர்ப்பின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. பிளேக் கிருமியின் பெற்றோர் யெர்சினியா சூடோடியூபர்க்குலோசிஸ்; மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து, வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் வயிற்றுவலியோடும் காய்ச்சலோடும் முடிந்துவிடும் கிருமி. அதிலிருந்து பிளேக் பிரிந்தது சில ஆயிரம் ஆண்டுகளுக்குள். 2001இல் அதன் முழுப் பரம்பரையலகு வரிசையும் வாசிக்கப்பட்டபோது ஏறத்தாழ 150 பரம்பரையலகுகள் சிதைந்து செயலற்றுக் கிடந்தன. நீந்தும் சவுக்கு இழை போய்விட்டது. நம் நிர்ப்பீடனம் எளிதில் இனங்காணும் பொருள்களில் அந்த இழையும் ஒன்று. குடற்சுவரைப் பற்ற உதவிய ஒட்டுப்புரதங்கள் செயலிழந்தன. யூரியாவை உடைக்கும் நொதியம் போயிற்று; அது தெள்ளுக்கு நஞ்சு, இருந்திருந்தால் வண்டி வழியிலேயே செத்திருக்கும். பெற்றது சிலவே: எஃப்-1 போர்வையும் தெள்ளின் வயிற்றில் உயிரோடிருக்க உதவும் வைஎம்டி என்ற புரதமும் ஒரு வளையத்தில், பிளா நொதியம் இன்னொரு சிறிய வளையத்தில். 2014இல் ஆய்வாளர்கள் பெற்றோர்க் கிருமியில் வைஎம்டியைச் சேர்த்து, மூன்றே மூன்று பரம்பரையலகுகளைச் செயலிழக்கச் செய்தபோது, அது தெள்ளுக்குள் குடியேறிப் படலம் கட்டத் தொடங்கியது. இழப்பால் எப்படி வலிமை வரும் என்று கேட்பவருக்கு அந்தச் சோதனையே பதில். மண்ணிலும் குடலிலும் வாழ அவசியமாயிருந்தவை எலியின் குருதியில் வாழும்போது காட்டிக்கொடுக்கும் அடையாளங்களாகிவிட்டன. பழைய எலும்புகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு பழமையான பற்களில் பிளேக் கிருமியின் பரம்பரைப் பொருள் கிடைத்திருக்கிறது; ஆனால் அவற்றில் வைஎம்டி இல்லை. நாலாயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான, ரஷ்யாவின் சமாரா பகுதி எலும்புகளில் அது இருக்கிறது. மனிதரைக் கொல்லக் கற்ற பிறகே கிருமி தெள்ளில் ஏறப் பழகியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

“கற்றது”, “பழகியது”, “ஏமாற்றுகிறது” என்றெல்லாம் எழுதுவதை அறிவியல் வாசகர் ஆட்சேபிக்கக் கூடும். கிருமிக்கு எண்ணம் இல்லை; சிதைந்த கிருமிகளில் பிழைத்தவை பெருகின, அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறேன், தமிழில் வினைச்சொல் இல்லாமல் கதை சொல்ல முடியாததால் இவற்றை வைத்துக்கொள்கிறேன். இன்னொரு திருத்தம் இதைவிட முக்கியம். பிளேக் மனிதனுக்காகத் தன்னை மாற்றிக்கொண்ட கிருமி இல்லை. அது கொறிவிலங்குகளுக்கும் அவற்றின் தெள்ளுகளுக்கும் பொருந்திய கிருமி. நம் வெண்கலமும் எலியின் வெண்கலமும் அந்தக் கொழுப்பை ஏறக்குறைய ஒரே விதமாகத் தொட்டறிவதால், எலிக்கு வைத்த பொறியில் நாமும் விழுகிறோம். பெரும்பாலான நெறிகட்டுப் பிளேக் நோயாளர் வேறு யாருக்கும் நோயைக் கொடுப்பதில்லை. நுரையீரலுக்கு ஏறிவிட்டால்தான் இருமல் வழியே பரவும். முகாமில் அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் உடம்பு, கிருமியின் பார்வையில், பெரும்பாலும் முட்டுச்சந்து.

பொருத்தம் இவ்வளவு இறுக்கமாயிருப்பதே அதன் பலவீனமும். உடல் எஃப்-1 போர்வைக்கு எதிரான பிறபொருளெதிரியை நேரத்தோடு செய்துவிட்டால் அந்தப் போர்வையே கிருமியைக் காட்டிக்கொடுக்கும். மருந்தில்லாத காலத்திலும் நெறிகட்டுப் பிளேக்கிலிருந்து சிலர் பிழைத்தெழுந்ததன் இரகசியத்தில் அதற்குப் பெரும்பங்குண்டு. எந்தத் தெள்ளிலும் எந்த வெப்பத்திலும் வாழக்கூடிய கிருமியாயிருந்தால் சென்னையும் கொழும்பும் பம்பாயின் கதியை அடைந்திருக்கும். அது அப்படியில்லை. கியோப்பிஸின் வாயிலையும், 28 பாகைக்குக் கீழான குளிர்ச்சியையும், நெரிசலான எலிக் குடியிருப்பையும் ஒரே இடத்தில் கேட்கும் கிருமி. புறக்கோட்டைக் கிட்டங்கிகள் அவற்றை ஓரளவு கொடுத்தன. அதற்கு அப்பால் நகரம் கொடுக்கவில்லை.

அடுத்தடுத்த வருடங்களில் கொழும்பில் பிளேக் மறைந்தும் தோன்றியும் வந்தது; 1930களின் இறுதியோடு இலங்கையை விட்டுப் போய்விட்டது. ஹேர்ஸ்ட் தன் வாழ்நாள் ஆராய்ச்சியைத் திரட்டி 1953இல் ‘தி கொன்குவெஸ்ட் ஒஃப் பிளேக்’ என்ற நூலை வெளியிட்டார். கொழும்பில் அவர் பெயரை அறிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. செட்டியார் தெரு நகைக்கடைத் தெருவாகிவிட்டது. அரிசியும் வெங்காயமும் சீனியும் குறுக்குத் தெருக்களில் இறங்குகின்றன, நாட்டாமைகளின் முதுகில் அதே சாக்குகள். ஹேர்ஸ்ட் எடுத்துக்காட்டிய உண்மை ஓரிடத்தில் மட்டும் சட்டமாகத் தங்கியிருக்கிறது. சர்வதேசப் பயணம் போகும் கப்பல்களுக்கு எலி ஒழிப்புச் சான்றிதழ் வேண்டும் என்று 1926ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒப்பந்தம் விதித்தது. 2007இலிருந்து அதன் இடத்தைக் கப்பல் சுகாதாரச் சான்றிதழ் பிடித்திருக்கிறது. கொழும்புத் துறைமுகம் அதை வழங்க அதிகாரம் பெற்ற துறைமுகங்களில் ஒன்று. அதன் ஆயுள் ஆறு மாதம்.